முன்கூற்றும் சான்றும்: காணாமலாக்கப்பட்டோரைத் தேடும் சமூக முயற்சிகளின் வழிமுறை

ஆய்வுச் சுருக்கம்

துலங்காத கொலைகளிலும் காணாமலாக்கப்படுதல்களிலும் அரசு விசாரணை தொடங்காத இடத்திலும் நின்றுபோன இடத்திலும் உறவினரும் ஊராரும் தேடலை மேற்கொள்கின்றனர். அத்தேடல் உணர்ச்சி சார்ந்த போராட்டமாகவே பெரிதும் நோக்கப்படுகிறது. அதற்கென ஓர் அறிவுமுறை உண்டு என்பதை அர்ஜென்டினா, மெக்சிகோ, இலங்கை ஆகிய நாடுகளின் பட்டறிவைக் கொண்டு இக்கட்டுரை விளக்குகிறது. உறவினரின் நினைவு, ஒப்பீட்டுக்கு முன்னரே பதிவு செய்யப்படும்போதுதான் சான்றாக வலுப்பெறுகிறது என்பது இதன் மையக் கருத்து. அப்பதிவில் தமிழாய்வாளர்க்குரிய பணியும் சுட்டப்படுகிறது.

திறவுச்சொற்கள்

காணாமலாக்கப்பட்டோர், முன்கூற்று, உறவினர் சாட்சியம், மரபணு வங்கி, செம்மணி, வட்டார வழக்கு.

முன்னுரை

கொலையுண்டவரின் உடல் கிடைத்துவிட்டால் விசாரணைக்கு ஒரு தொடக்கப்புள்ளி உண்டு. உடலும் இல்லை, கைது செய்ததற்கான பதிவும் இல்லை என்னும் நிலையில் குற்றம் நடந்தது என்பதையே முதலில் நிறுவ வேண்டியுள்ளது. அந்நிலையில் எஞ்சும் சான்று, அம்மனிதரை அறிந்தவர்களின் நினைவு ஒன்றே. எனவே காணாமலாக்கப்படுதல் என்னும் குற்றத்தில் உறவினரும் அயலவரும் பாதிக்கப்பட்டோராக மட்டுமன்றி முதன்மைச் சான்றாளராகவும் அமைகின்றனர்.

நினைவு அப்படியே சான்றாகிவிடுவதில்லை. அது மறக்கும், மாறும், எதிர்பார்ப்புக்கு ஏற்ப வளையும். நினைவைச் சான்றாக்குவதற்குச் சமூகங்கள் கண்ட வழிகள் யாவை, அவை எங்கு வென்றன, எங்கு தடைப்பட்டன என்பனவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. சொல்லும் வினைமுதலும்

இலங்கைத் தமிழில் 'காணாமற்போனோர்' என்ற சொல்லும் 'காணாமலாக்கப்பட்டோர்' என்ற சொல்லும் இன்று அருகருகே வழங்குகின்றன. 2016ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சட்டத்தால் நிறுவப்பட்ட அரச நிறுவனம் 'காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகம்' எனப் பெயர் பெற்றுள்ளது. உறவினர் அமைப்புகளோ 'வலிந்து காணாமலாக்கப்பட்டோர்' என்றே எழுதியும் பேசியும் வருகின்றன.

இவ்வேறுபாடு இலக்கண அடிப்படை உடையது. 'காணாமற்போனோர்' என்பதில் 'போ' என்னும் தன்வினை நிற்கிறது. போனவரே வினைமுதல் ஆகிறார். 'காணாமலாக்கப்பட்டோர்' என்பதிலோ 'ஆகு' என்பதன் பிறவினையாகிய 'ஆக்கு' செயப்பாட்டு வடிவில் வருகிறது. செயப்பாட்டுவினையில் வினைமுதல் வெளிப்படாமல் நிற்கலாம், இல்லாமற்போவதில்லை. ஆகவே இரண்டாவது சொல்லைக் கேட்டவுடன் 'யாரால்?' என்ற வினா எழுகிறது. முதற்சொல் அவ்வினாவை எழுப்புவதில்லை.

இலத்தீன் அமெரிக்க ஸ்பானிய மொழியிலும் இத்தகைய மாற்றம் நேர்ந்துள்ளது. 'மறைந்துபோ' என்னும் பொருளில் செயப்படுபொருள் குன்றிய வினையாக வழங்கிய சொல்லை, 'அவரை மறையச் செய்தனர்' என்று செயப்படுபொருள் குன்றா வினையாக மக்கள் ஆளத் தொடங்கினர். ஒன்றோடொன்று தொடர்பற்ற இரு மொழிச் சமூகங்கள் ஒரே தேவைக்காக ஒரே இலக்கண வழியை நாடியமை ஈண்டு நோக்கத்தக்கது. தேடலின் முதற்படி, நிகழ்ந்ததற்கு உரிய பெயரை இடுவதாகும்.

2. முன்கூற்று: சிலப்பதிகாரம் தரும் சட்டகம்

உறவினரின் கூற்று சான்றாவது எவ்வாறு என்பதற்குத் தமிழ் மரபிலேயே தெளிவான எடுத்துக்காட்டு உண்டு. சிலப்பதிகார வழக்குரை காதையில், கொலையுண்டவனின் மனைவி அரசவைக்கு வந்து முறையிடுகிறாள். அவளிடம் எஞ்சியிருப்பது ஒற்றைச் சிலம்பு. தன் சிலம்பின் பரல் மாணிக்கம் என்று அவள் முதலில் கூறுகிறாள். தங்கள் சிலம்பின் பரல் முத்து என்று அரசன் கூறுகிறான். அதன் பின்னரே, கோவலனிடமிருந்து கைப்பற்றப்பட்ட சிலம்பு கொணரப்பட்டு உடைக்கப்படுகிறது. மாணிக்கம் தெறித்தவுடன் வழக்கு முடிவுக்கு வருகிறது.

இக்காட்சியின் உணர்ச்சி வலிமை பலராலும் பேசப்பட்டது. அதன் சான்றியல் ஒழுங்கும் கருதத்தக்கது. சிலம்பை உடைத்து, உள்ளே மாணிக்கம் இருப்பதைக் கண்ட பிறகு 'இது என்னுடையது' என்று கண்ணகி சொல்லியிருப்பின் அக்கூற்றுக்கு மதிப்பில்லை. இரு தரப்பும் தத்தம் கூற்றை முன்னரே சொல்லிவிட்டமையால், உடைத்தல் என்னும் செயல் சோதனை ஆயிற்று. அச்சோதனை அரசனுக்குச் சார்பாக முடிவதற்கும் வாய்ப்பு இருந்தது. அதனாலேயே அதன் முடிவை அரசனும் மறுக்க இயலவில்லை.

ஒப்பீட்டுக்கு முன் சொல்லிப் பதியப்பட்ட இத்தகைய கூற்றை இக்கட்டுரை 'முன்கூற்று' எனக் குறிக்கிறது. இன்றைய தடய மானிடவியலும் இவ்வொழுங்கையே பின்பற்றுகிறது. இறப்புக்கு முந்தைய விவரங்களான உயரம், பல் அமைப்பு, எலும்பு முறிவு, உடை, அணிகலன் ஆகியவை உறவினரிடமிருந்து தனியே திரட்டப்படுகின்றன. அகழ்ந்தெடுக்கப்பட்ட எச்சங்களின் விவரங்கள் தனியே பதியப்படுகின்றன. இவ்விரண்டையும் ஒப்பிடுவது மூன்றாவது படி. இப்படிகள் ஒன்றோடொன்று கலந்துவிட்டால் அடையாளங்காணல் ஐயத்துக்கு இடமாகிறது.

3. அர்ஜென்டினா: குருதியே முன்கூற்றாதல்

அர்ஜென்டினாவில் 1976 மார்ச் 24 அன்று இராணுவம் ஆட்சியைக் கைப்பற்றியது. 1983 டிசம்பர் வரை நீடித்த அவ்வாட்சியில் காணாமலாக்கப்பட்டோர் 8,961 பேர் என 1984இல் அரசு ஆணையம் பதிவு செய்தது. மனித உரிமை அமைப்புகள் 30,000 என மதிப்பிடுகின்றன. 1977 ஏப்ரல் 30 அன்று தலைநகர் புவனஸ் அயர்ஸின் மே சதுக்கத்தில் 14 பெண்கள் தம் பிள்ளைகளைப் பற்றிக் கேட்கக் கூடினர். கூட்டமாக நிற்கக் கூடாது என்று காவலர் கூறியதால், அன்னையர் இருவர் இருவராகச் சதுக்கத்தைச் சுற்றி நடக்கத் தொடங்கினர். அந்நடை பின்னர் வியாழக்கிழமைதோறும் தொடரும் வழக்கமாயிற்று.

அதே ஆண்டு அக்டோபரில் பாட்டியர் தனி அமைப்பாயினர். கைது செய்யப்பட்டபோது அவர்களுடைய மகள்களும் மருமகள்களும் கருவுற்றிருந்தனர், அல்லது கைக்குழந்தையோடு இருந்தனர். சிறையில் பிறந்த குழந்தைகள், ஆட்சிக்கு நெருக்கமானோர் உள்ளிட்ட பிற குடும்பங்களில் பொய்ப்பெயரில் வளர்க்கப்பட்டனர். அத்தகைய குழந்தைகள் ஏறத்தாழ 500 பேர் என்பது பாட்டியரின் மதிப்பீடு. கருவுற்ற காலம், மகப்பேறு எதிர்பார்க்கப்பட்ட மாதம், குடும்பத்தினரின் ஒளிப்படங்கள் ஆகியவற்றைக் குடும்பம்தோறும் அவர்கள் தொகுத்தனர். கருவுற்ற அறிகுறி ஏதுமின்றித் திடீரெனக் குழந்தையோடு காணப்பட்ட இணையரைப் பற்றி அயலவர் தந்த செய்திகளையும் திரட்டினர்.

குழந்தை ஒன்றை ஐயுற்றாலும் அதனை நிறுவுவது எவ்வாறு என்ற இடர் எழுந்தது. மகன்மை அறியும் சோதனைக்குப் பெற்றோரின் குருதி வேண்டும், பெற்றோரோ கொல்லப்பட்டுவிட்டனர். பெற்றோர் இல்லாமல் பாட்டன் பாட்டியின் குருதியைக் கொண்டு உறவை அறிய இயலுமா என்ற வினாவோடு பாட்டியர் அயல்நாட்டு அறிவியலாளரை நாடினர். அவ்வினாவுக்கு விடையாக உருவானதே 'பாட்டன்மைக் குறியீடு' எனத்தக்க கணக்கீட்டு முறை. அமெரிக்க மரபியலாளர் மேரி கிளேர் கிங் இதில் முக்கியப் பங்காற்றினார். 1984 முதல் இம்முறை நீதிமன்றத்தில் பயன்பட்டது. பின்னர் இழைமணி மரபணு கைகொடுத்தது. அது தாய்வழியில் ஏறத்தாழ மாறாமல் வருவது. ஆதலின் தாயின் தாயோ தாயுடன் பிறந்தோரோ ஒருவர் இருப்பினும் ஒப்பீடு இயலும்.

அறிவியலுக்கு வினாவைத் தந்தவர்கள் குடும்பப் பெண்களே என்பது இங்கு குறிப்பிடத்தக்கது. வல்லுநர் விடை காணச் சமூகம் காத்திருந்தது என்ற பொதுவான எண்ணத்துக்கு இது மாறானது.

1987இல் 23,511ஆம் எண் சட்டத்தால் தேசிய மரபணு வங்கி நிறுவப்பட்டது. தேடும் குடும்பத்தினரின் குருதி அங்குப் பாதுகாக்கப்படுகிறது. பேரப்பிள்ளை கிடைக்கும்வரை தாம் உயிரோடு இருப்போம் என்ற உறுதி பாட்டியர்க்கு இல்லை. எனினும் அவர்கள் குருதி தந்தனர். அவ்வங்கியில் உள்ள ஒவ்வொரு மாதிரியும் ஒரு முன்கூற்றே. சொன்னவர் மறைந்த பின்னும் ஒப்பீட்டுக்குரியதாக அது நிற்கிறது. 2025 ஜூலை வரை 140 பேர் தம் உண்மை அடையாளத்தை மீட்டுள்ளனர். அவர்களுள் பலர் தம் பிறப்பைப் பற்றி ஐயுற்றுத் தாமே வந்து வினவியவர்கள்.

இறந்தோரை அடையாளங்காணும் பணியிலும் இவ்வொழுங்கே பயன் தந்தது. அமெரிக்கத் தடய மானிடவியலாளர் கிளைட் ஸ்னோ 1984இல் அர்ஜென்டினாவில் மாணவர் சிலருக்குப் பயிற்சி அளித்தார். அவர்கள் அமைத்த தடய மானிடவியல் குழு கல்லறைப் பதிவுகள், காவல்துறைக் குறிப்புகள், உறவினர் வாக்குமூலங்கள் ஆகியவற்றை இணைத்து ஆராய்ந்தது. அன்னையர் இயக்கத்தின் நிறுவுநரான அசுசேனா வில்லாஃப்ளோர் 1977 டிசம்பரில் கடத்தப்பட்டவர். கடலோரத்தில் ஒதுங்கிய பெயரறியா உடல்கள் ஜெனரல் லவாயே என்னும் ஊரின் கல்லறைத் தோட்டத்தில் புதைக்கப்பட்டிருந்தன. அவற்றுள் அவருடையதும் அவருடன் இயங்கிய வேறு இரு அன்னையருடையதும் இருப்பதை 2005இல் அக்குழு நிறுவியது. உயரத்திலிருந்து விழுந்ததற்குரிய முறிவுகள் எலும்புகளில் காணப்பட்டன. வானூர்தியிலிருந்து கடலில் எறியப்பட்டனர் என்னும் குற்றச்சாட்டுக்கு அவை பொருட்சான்று ஆயின.

4. மெக்சிகோ: இடம் அறிந்தும் பெயர் அறியாமை

மெக்சிகோவில் காணாமற்போனோராகப் பதியப்பட்டவர்களின் எண்ணிக்கை 2022 மே மாதத்தில் ஒரு இலட்சத்தைக் கடந்தது. அங்குக் குற்றக் கும்பல்களும் அரசுப் பணியாளருள் சிலரும் இக்குற்றத்தில் தொடர்புடையோர். 2014 செப்டம்பரில் 43 மாணவர் கடத்தப்பட்டதைத் தொடர்ந்து இகுவாலா நகரின் சுற்றுப்புறத்தில் தேடியபோது, அம்மாணவரோடு தொடர்பற்ற வேறு புதைகுழிகள் வெளிப்பட்டன. அதன் பின் நாடெங்கும் உறவினர் தாமே மண்ணைத் தேடும் குழுக்களாகத் திரண்டனர்.

அவர்களுடைய கருவி எளியது. தலைப்பகுதியில் குறுக்குப்பிடி கொண்ட நீண்ட இரும்புக் கம்பியை நிலத்தில் அடித்து இறக்கி, வெளியே இழுத்து, அதன் நுனியை முகர்ந்து பார்க்கின்றனர். மண்ணின் நிறம், இறுக்கம், செடிகளின் வளர்ச்சி ஆகியவற்றைக் கொண்டு கிளறப்பட்ட நிலத்தை வேறுபடுத்தி அறிகின்றனர். ஏட்டறிவாக இன்றிப் பழக்கத்தால் பெற்ற இவ்வறிவை ஒரு குழு மற்றொரு குழுவுக்குக் கற்பித்து வருகிறது.

வெராக்ரூஸ் மாநிலத்தில் 2016 மே 10, அந்நாட்டின் அன்னையர் நாளன்று, ஊர்வலம் சென்ற பெண்களிடம் அறியாதோர் சிலர் கையால் வரைந்த வரைபடம் ஒன்றைத் தந்தனர். அதனைக் கொண்டு அவ்வாண்டு ஆகஸ்டு முதல் தேடியதில் 250க்கும் மேற்பட்ட மண்டையோடுகள் கிடைத்தன. ஆயின் அவற்றுள் பெயர் அறியப்பட்டவை சிறு பகுதியே. எச்சங்கள் ஓரிடத்திலும் உறவினரின் மரபணு விவரங்கள் வேறிடத்திலும் ஒப்பிடப்படாமல் தங்கியமை இதற்கு ஒரு காரணம். இடம் பற்றிய அறிவு மட்டும் போதாது என்பதை இது காட்டுகிறது. பதியப்பட்ட முன்கூற்றும் முறையான ஒப்பீடும் இல்லாவிடில், கண்டெடுத்த எலும்பும் பெயரற்றதாகவே இருக்கும்.

5. இலங்கை: பொருளும் சொல்லும்

இலங்கையில் 1980களின் இறுதியிலிருந்து காணாமலாக்கப்பட்டோர் 60,000 முதல் 1,00,000 வரை இருக்கலாம் என்பது ஆம்னெஸ்டி இன்டர்நேஷனல் அமைப்பின் மதிப்பீடு. வடக்கிலும் தெற்கிலும் இத்துயர் நேர்ந்தது. 1984இல் யாழ்ப்பாணத்தில் அன்னையர் முன்னணி தோன்றியது; 1990இல் தெற்கில் சிங்களத் தாய்மாரின் அன்னையர் முன்னணி உருவாயிற்று. 2017 பெப்ரவரி 20 அன்று கிளிநொச்சி கந்தசாமி கோவில் முன்றலில் உறவினர் தொடர் போராட்டத்தைத் தொடங்கினர். வடக்கு கிழக்கின் பிற இடங்களுக்கும் அது பரவியது.

செம்மணியின் வரலாறு தேடலின் விலையையும் பயனையும் ஒருங்கே உணர்த்துகிறது. 1996 செப்டம்பரில் பள்ளி மாணவி ஒருத்தி செம்மணிச் சோதனைச் சாவடியில் மறிக்கப்பட்டாள். அவளைத் தேடிச் சென்ற தாயும் தம்பியும் அயலவர் ஒருவரும் திரும்பவில்லை, நால்வரும் கொல்லப்பட்டனர். அவ்வழக்கில் 1998 ஜூலையில் தண்டனை பெற்ற படைவீரர் ஒருவர், செம்மணியில் 300 முதல் 400 உடல்கள் வரை புதைக்கப்பட்டுள்ளன என்று நீதிமன்றத்தில் கூறினார். 1999இல் நடந்த அகழ்வில் 15 பேரின் எச்சங்கள் மீட்கப்பட்டன. அதன் பின் பணி நின்றுபோயிற்று. 2025இல் செம்மணிச் சித்துப்பாத்தி மயானத்தில் கட்டுமானப் பணியின்போது எலும்புகள் வெளிப்பட்டமையால் நீதிமன்ற மேற்பார்வையில் மீண்டும் அகழ்வு நடந்தது. 200க்கும் மேற்பட்டோரின் எலும்புக்கூடுகள் கண்டறியப்பட்டன. சிறுவர்க்குரிய புத்தகப்பை, விளையாட்டுப் பொம்மை முதலியனவும் கிடைத்தன. அப்பொருள்களை 2025 ஆகஸ்டு 5 அன்று மக்கள் பார்வையிட நீதிமன்றம் வழி செய்தது.

பொருள்களை மக்களுக்குக் காட்டுவது தேவையான செயலே. அடையாளம் சொல்லக்கூடியவர் யார் என்பது முன்கூட்டியே தெரியாதபோது வேறு வழி அரிது. ஆயின் வழக்குரை காதையின் ஒழுங்கை இங்கு நினைவுகூர வேண்டும். பொருளைக் கண்ட பின் கூறப்படும் விவரத்தை விட, காணும் முன் பதியப்பட்ட விவரத்துக்குச் சான்று வலிமை மிகுதி. ஆண்டுக்கணக்காக ஏங்கிய மனம், ஒத்த நிறமுடைய துணி ஒன்றைத் தன் பிள்ளையுடையதாகக் காணக்கூடும். இதில் பொய் இல்லை. நினைவின் இயல்பு அது. எனவே காட்சிக்கு முன் ஒவ்வொரு குடும்பத்தின் விவரமும் எழுத்தில் பதியப்பட்டிருத்தல் இன்றியமையாதது.

இப்பதிவில் மொழி சார்ந்த இடர் ஒன்று உள்ளது. 'சட்டை' என்னும் சொல் தமிழகத்தில் பொதுவாக ஆடவர் மேலாடையைக் குறிக்கும். யாழ்ப்பாண வழக்கில் அது பெரும்பாலும் பெண்பிள்ளைகள் அணியும் முழு உடையைக் குறிக்கும். ஆடவர் மேலாடை 'சேர்ட்' எனப்படும். தமிழகத்தார் 'கைலி' அல்லது 'லுங்கி' என்பதை இலங்கையர் 'சாரம்' என்பர். 'சட்டை போட்டிருந்தவ' என்ற தாயின் கூற்றை வழக்கறியாத ஒருவர் பொதுத்தமிழிலோ ஆங்கிலத்திலோ சிங்களத்திலோ பெயர்த்து எழுதினால், பெண்குழந்தையின் உடை ஆணின் மேலாடையாகப் பதியப்படும். பின்னர் நிகழும் ஒப்பீடு தொடக்கத்திலேயே பிழைபட்டுவிடும். ஒரு சொல்லின் பொருள் வேறுபாடு ஒரு பிள்ளையின் அடையாளத்தை மறைத்துவிடக் கூடும்.

6. எல்லைகள்

சமூகத் தேடல் யாண்டும் நன்மையே பயக்கும் எனக் கொள்ளுதல் இயலாது. மூன்று எல்லைகள் சுட்டத்தக்கன.

முதலாவது, அகழ்தல் சார்ந்தது. உறவினர் தாமே மண்வெட்டியால் தோண்டும்போது எலும்புகள் உடையலாம். எச்சங்கள் கிடந்த நிலையும் ஆழமும் பதியப்படாமல் அழியலாம். ஆகவே இடத்தைச் சுட்டுவது உறவினர் பணி, அகழ்வது வல்லுநர் பணி, அகழ்வை உடனிருந்து காண்பது உறவினர் உரிமை என்னும் பகுப்பு ஏற்றது.

இரண்டாவது, குற்றவாளியைச் சுட்டுதல் சார்ந்தது. 2013 ஏப்ரலில் பாஸ்டன் நகர மாரத்தான் குண்டுவெடிப்புக்குப் பின், பொதுமக்கள் ஒளிப்படங்களைத் தாமே ஒப்பிட்டு, முன்னரே காணாமற்போயிருந்த கல்லூரி மாணவர் ஒருவரைக் குற்றவாளியெனப் பரப்பினர். அவருக்கும் குற்றத்துக்கும் தொடர்பில்லை. பின்னர் அவர் உடலே மீட்கப்பட்டது. படத்தை முதலில் கண்டு, ஒப்புமையைப் பின்னர் தேடியமையே இப்பிழையின் வேர். இறந்தவரை அடையாளங்காணும் அறிவு உறவினரிடம் இயல்பாக உண்டு. குற்றவாளியைச் சுட்டும் அறிவு அவ்வாறு யாவரிடத்தும் இருப்பதில்லை.

மூன்றாவது, முடிவை ஏற்றல் சார்ந்தது. மன்னார் சதொச வளாகத்தில் 2018இல் தொடங்கிய அகழ்வில் 300க்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள் வெளிப்பட்டன. அனுப்பப்பட்ட எலும்பு மாதிரிகள் 15 முதல் 17ஆம் நூற்றாண்டு வரையிலான காலத்தவை என 2019இல் கதிரியக்கக் கரிமக் கணிப்பு கூறியது. காத்திருந்த உறவினர்க்கு இது பெரும் ஏமாற்றமாயிற்று. அம்முடிவின் மீது ஐயமும் எழுந்தது. சோதனை எதிர்பார்ப்புக்கு மாறாகவும் முடியலாம் என்பதை ஏற்றாலன்றி அது சோதனை ஆகாது. அவ்வேற்பு, மாதிரி எடுப்பது முதல் முடிவு அறிவிப்பது வரை உறவினர் பங்குகொள்ளும் நடைமுறையால் மட்டுமே விளையும்.

முடிவுரை

அர்ஜென்டினப் பாட்டியரின் வெற்றிக்குக் காரணம் அவர்களுடைய விடாமுயற்சி மட்டுமன்று. தம் நினைவையும் குருதியையும் பின்னாளில் பிறர் சோதிக்கத்தக்க வடிவில் விட்டுச்செல்ல அவர்கள் வழி கண்டமையும் காரணமாகும். மெக்சிகோவின் புதைகுழிகள் அவ்வழி தடைப்படும்போது நேர்வதைக் காட்டுகின்றன. இலங்கையில் இரு நிலைகளும் இன்று எதிரெதிரே நிற்கின்றன. மண்ணிலிருந்து எலும்புகள் மேலெழுகின்றன. அவற்றை அடையாளம் சொல்லத்தக்க தாய் தந்தையரோ முதுமையாலும் நோயாலும் ஒருவர் பின் ஒருவராக மறைந்து வருகின்றனர். அவர்களோடு தழும்பின் இடமும் பல்லின் அமைப்பும் உடையின் நிறமும் மறைகின்றன.

இந்நிலையில் தமிழாய்வாளர்க்குத் தெளிவான பணி ஒன்று உண்டு. உடல் அடையாளம், உடை, அணிகலன், பள்ளிப் பொருள்கள் ஆகியவற்றுக்குரிய வட்டாரச் சொற்களைப் பொருள் விளக்கத்துடனும் சிங்கள, ஆங்கில நிகரன்களுடனும் தொகுத்தல் வேண்டும். உறவினர் கூற்றைப் பொதுத்தமிழுக்கு மாற்றாமல் அவர்தம் சொல்லிலேயே ஒலிப்பதிவாகவும் எழுத்தாகவும் பதியும் நெறியை வகுத்தல் வேண்டும். களஆய்விலும் வழக்குச்சொல் அகராதிப் பணியிலும் தமிழ்த்துறைகள் பெற்றுள்ள பயிற்சி இதற்குப் போதுமானது. ஒலிப்பதிவுக் கருவியும் உண்டு. சொல்ல வேண்டியவர்களுள் பலர் இன்னும் நம்மிடையே உள்ளனர். அவர்கள் சொல்வதற்கு முன் மறைந்துவிடின், எந்தச் சிலம்பை உடைத்தாலும் உள்ளிருக்கும் பரல் யாருடையது எனக் கூற ஆளிராது.